என்ஜின் வேண்டாம், ஊர் வேண்டும்

காற்றை நம்பிப் பறக்கும் கிளைடர் கழகங்கள் உலகெங்கும் ஊர் கூடி நடத்தும் காரியமாக வளர்ந்திருக்கின்றன. இலங்கை மலையகத்தில் தேயிலையும் மலையும் காற்றும் உள்ள தலவாக்கலைக்கு அவற்றிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

தை முதல் பங்குனி வரை நம் திம்புள்ள பக்கத்துத் தேயிலைக்குத் தனி மரியாதை. வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றி, குளிர்ந்து மேற்குப் பக்கம் இறங்கும் காலம் அது. கொழுந்து மெல்ல வளரும். வாசனை அதில் ஊறும். ஆடி, ஆவணியில் கணக்கு மாறும். தென்மேல் காற்று நம் பக்கத்தில் மழையாகி, முகட்டைத் தாண்டி, வறண்ட கச்சானாக ஊவாவில் இறங்கும். அப்போது அந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல விலை. மலையகத்து அடுப்பு எரிவதில் காற்றுக்கும் பங்குண்டு. எந்த மலையில் எப்போது பனிமூட்டம் இறங்கும், எந்தச் சரிவில் காற்று முதலில் மோதும் என்பதைக் கொழுந்து கொய்யும் பெண்கள் நிரையில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள்.

இந்தக் காற்றுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. அது மனிதரைத் தூக்கும். என்ஜின் இல்லாத ஒரு விமானத்தில் இருவரை ஏற்றி, மணிக்கணக்காக வானில் வைத்திருக்கும். அந்தக் கலைக்குப் பெயர் கிளைடிங். அதை வளர்த்தவை பெரிய நிறுவனங்களைவிடச் சின்னச் சின்னக் கழகங்கள்தாம். அந்தக் கழகங்களின் வாழ்க்கை மலையகத்துக்குச் சொல்லும் சேதி ஒன்று இருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

காற்று எப்படித் தூக்குகிறது?

கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மிக மெதுவாக இறங்குகிறது என்பதுதான் அதன் திறமை. பயிற்சிக் கழகங்கள் பலவற்றில் உள்ள ஏ.எஸ்.கே. 21 என்ற இரண்டு இருக்கைக் கிளைடர், அசையாத காற்றில் 1 கிலோமீற்றர் உயரம் இறங்குவதற்குள் ஏறக்குறைய 34 கிலோமீற்றர் தூரம் முன்னேறிவிடும். அது இறங்கும் வேகத்தைவிட விரைவாக மேலே ஏறும் காற்றைக் கண்டுபிடித்துவிட்டால், கிளைடரும் சேர்ந்து உயரும்.

மேலேறும் காற்று முக்கியமாக மூன்று வகை. மலைச்சரிவில் மோதும் காற்றுக்குப் போக வேறு வழி இல்லாதபோது அது சரிவோடு மேலே ஏறும். கிரேட் வெஸ்டர்ன் மலைமுகட்டில் பருந்து இறகை அசைக்காமல் நிற்பது இந்தக் காற்றில்தான். இரண்டாவது, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து தூணாக எழும் வெப்பக் காற்று. பருந்து வட்டமிடும் இடத்தைப் பார்த்துத்தான் கிளைடர் ஓட்டுபவர்களும் அதைத் தேடிப் போகிறார்கள். மூன்றாவது, பலமான காற்று மலையைத் தாண்டிய பிறகு மறுபக்கத்து வானில் எழும் அலை. இந்த அலையில் ஏறித்தான் 2018 செப்டெம்பர் 2ஆம் திகதி ‘பெர்லான் 2’ என்ற கிளைடர், ஆர்ஜென்டீனாவின் தென்கோடியில் 76,000 அடிக்கு மேல் உயர்ந்தது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப் போல இருமடங்கு அது. 2003இல் கிளாவ்ஸ் ஓல்மன் என்ற ஜேர்மன் விமானி அந்தீஸ் மலைத்தொடரின் அலைகளைப் பிடித்து ஒரே பறப்பில் 3,009 கிலோமீற்றர் போனார்.

ஒருவர் பறக்க எத்தனை பேர்?

கிளைடரைத் தரையிலிருந்து கிளப்புவது தனி வேலை. பல கழகங்களில் மைதானத்தின் ஒரு முனையில் வின்ச் என்ற இழுவை இயந்திரம் நிற்கும். மறுமுனையில் கிளைடர். இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீற்றர் நீளக் கம்பி வடம். வின்ச் வடத்தைச் சுருட்ட, ஒரு நிமிடத்துக்குள் கிளைடர் 300, 400 மீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கே வடத்தைக் கழற்றிவிட வேண்டும். மேலேறும் காற்று கிடைக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் மறுபடியும் தரைக்கு வந்துவிட வேண்டியதுதான்.

அந்த ஐந்து நிமிடத்துக்காக உழைப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வின்ச் இயக்க ஒருவர். வடத்தை இழுத்து வந்து மாட்ட ஒருவர். ஓடத் தொடங்கும்வரை இறக்கை நுனியைத் தாங்கிப் பிடிக்க ஒருவர். வானில் வேறு விமானம் இல்லை என்று பார்த்துச் சைகை கொடுக்க ஒருவர். யார் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று குறித்துவைக்க ஒருவர். இறங்கிய கிளைடரைத் தள்ளிக்கொண்டு வர இரண்டு மூன்று பேர். பக்கத்து இருக்கையில் பயிற்றுநர். காசு கொடுத்து ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் இங்கே கிடையாது. காலையில் கொட்டகைக் கதவைத் திறப்பது முதல் மாலையில் கிளைடரைக் கழுவித் துடைத்து உள்ளே வைப்பது வரை எல்லாரும் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பறப்பவர் நாள் முழுக்க மற்றவர்களைப் பறக்கவிடுகிறார்.

இப்படித்தான் செலவு குறைகிறது. பிரிட்டனின் கழகங்கள் பலவற்றில் பயிற்றுநர்கள் சம்பளம் வாங்குவதில்லை. தமக்கு ஒருவர் கற்றுக்கொடுத்ததை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையும் ஓய்வுபெற்ற தாத்தாவும் ஒரே வடத்தை இழுக்கிறார்கள். மழை நாளில் கொட்டகைக்குள் உட்கார்ந்து இறக்கைத் துணியை ஒட்டவும், வடத்தின் முடிச்சைச் சரிபார்க்கவும், வானிலைப் படத்தைப் படிக்கவும் கற்கிறார்கள்.

மலையகத்துக்கு இது புதுப் பழக்கம் அல்ல. மாசியில் காமன் கூத்து நடத்தும் தோட்டத்தில் ரதி மதனாக ஆடுபவர்கள் இருவர்தான்; தப்படிப்பவர், பாடுபவர், பந்தல் போடுபவர், ஒப்பனை செய்பவர், இரவெல்லாம் விழித்திருந்து தேநீர் ஊற்றுபவர் என்று கணக்கெடுத்தால் மேற்கணக்கும் பணியக்கணக்கும் ஒன்றாகத் திரண்டிருக்கும். ஆடுபவரைத் தாங்க ஒரு தோட்டமே நிற்பது போலத்தான் பறப்பவரைத் தாங்க ஒரு கழகம் நிற்கிறது.

மாணவர்கள் தொடங்கிய காரியம்

கிளைடரின் கதை மலைச்சரிவில்தான் தொடங்குகிறது. ஜேர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் தாமே கட்டிய இறக்கைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து பறந்தார். பக்கத்தில் குன்று இல்லாத இடத்தில் மண்ணைக் கொட்டி ஒரு குன்றையே எழுப்பினார். ஏறக்குறைய 2,000 முறை பறந்த அவர், 1896 ஓகஸ்டில் விழுந்து அடிபட்டு மறுநாள் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைப் படித்துத்தான் ரைட் சகோதரர்கள் கிளைடர் கட்டினார்கள். கிளைடரை அடக்கி ஓட்டத் தெரிந்துகொண்ட பிறகே அதில் என்ஜினைப் பொருத்தினார்கள்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜேர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் என்ஜின் விமானத் தொழிலில் கடும் தடைகளை விதித்தது. கையில் காசும் இல்லாத பல்கலைக்கழக மாணவர்கள் 950 மீற்றர் உயரமுள்ள வாசர்குப்பே மலையில் கூடினார்கள். 1920இல் அங்கே முதல் கிளைடர் போட்டி நடந்தது. வின்ச் எல்லாம் அப்போது இல்லை. தடித்த ரப்பர் கயிற்றின் இரு முனைகளையும் தோழர்கள் பற்றிக்கொண்டு சரிவில் ஓடுவார்கள்; கயிறு இழுபட்டுக் கிளைடரை வானில் எறியும். 1922 ஓகஸ்டில் ஹனோவர் மாணவர்கள் கட்டிய ‘வாம்பயர்’ கிளைடரில் ஆர்தர் மார்ட்டன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார். கிளைடரில் மனிதர் அவ்வளவு நேரம் பறந்தது அதுவே முதல் முறை.

அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். 1933க்குப் பிறகு நாஜி அரசு அந்தக் கழகங்களை விழுங்கிப் போர் விமானிகளை உருவாக்கும் பட்டறைகளாக்கியது. இளைஞர் சங்கம் எதற்கும் இந்த ஆபத்து உண்டு. கணக்குப் புத்தகமும் கொட்டகைச் சாவியும் உறுப்பினர் கையில் இருக்கும்வரைதான் கழகம் கழகமாக இருக்கும்.

கழகத்தில் கற்றது 69 உயிர் காத்தது

பொழுதுபோக்குக்காகக் கற்றது எங்கே உதவும் என்று கேட்பவர்களுக்குக் கனடாவில் பதில் இருக்கிறது. 1983 ஜூலை 23ஆம் திகதி எயார் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிடுவதற்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டதால், வேண்டியதில் பாதிகூட நிரப்பவில்லை. இரண்டு என்ஜின்களும் அணைந்த அந்தப் பெரிய விமானம் வெறும் கிளைடராகிவிட்டது. கப்டன் பொப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த விமானப்படைத் தளத்தை நோக்கி அதைத் திருப்பினார்.

உயரம் அதிகமாக இருந்தது, ஓடுபாதை நெருங்கிவிட்டது. கிளைடர் கழகங்களில் சொல்லிக்கொடுக்கும் ஓர் உத்தியை அவர் அப்போது கையாண்டார். விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து, காற்றுக்கு அதன் உடலைக் குறுக்கே காட்டி, வேகம் கூடாமல் உயரத்தைக் குறைத்தார். அன்று அந்தப் பழைய ஓடுபாதையில் கார்ப் பந்தயக் கழகம் ஒன்று குடும்பங்களோடு கூடியிருந்தது. முன்சக்கரம் மடிந்து, மூக்கு தரையில் உராய்ந்து விமானம் நின்றது. விமானத்தில் இருந்த 69 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. கீழே கூடியிருந்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்புக் கருவிகளோடு முதலில் ஓடிவந்தவர்கள் அந்தக் கழகத்துக்காரர்களே.

விண்வெளியிலிருந்து திரும்பும் வழியில் உயிர்நீத்த விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உரிமமும் பெற்றிருந்தார். ஹரியானாவின் கர்னால் என்ற சிறு நகரத்துப் பெண் அவர். சிறிய ஊரில் பிறந்தவருக்கு வானம் தூரம் என்பதில்லை. அதற்கான முதல் படி பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நட்சத்திரப் பெயர் சூடிய கிளைடர்கள்

அந்தப் படிகளைச் சுதந்திர இந்தியா ஒரு காலத்தில் அக்கறையோடு கட்டியது. 1950இல் புனேயின் ஹடப்சரில் அரசின் கிளைடிங் மையம் தொடங்கியது. குடிசார் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் வெளிநாட்டுக் கிளைடர்களுக்குக் காத்திராமல் தானே வடிவமைக்கத் தொடங்கியது. அசுவினி 1958இலும், அருகருகே இருவர் அமரும் ரோகிணி 1961இலும், கார்த்திக் 1963இலும் பறந்தன. பரணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று வரிசை நீண்டது. பஞ்சாங்கத்திலிருந்து பெயர் எடுத்து, மரத்தாலும் துணியாலும் இறக்கை கட்டி, ஒரு தலைமுறை மாணவர்களை அவர்கள் வானில் ஏற்றினார்கள். இன்று இந்தியாவில் இயங்கும் கிளைடர் மையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அரசு தொடங்கிவைத்ததை ஊர் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாத இடங்களில் கொட்டகைகள் பூட்டப்பட்டுவிடுகின்றன.

ஒரு தேயிலை ஊர் பறக்கக் கற்றது

ஊர் எடுத்துக்கொண்ட இடம் ஒன்றும் உண்டு. தலவாக்கலைக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் நம்ம ஊர்தானோ என்று ஒரு கணம் திகைப்பார். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் உள்ள பீர் என்ற மலையூர் அது. தேயிலைத் தோட்டங்கள், பக்கத்தில் மெல்ல ஊரும் குட்டி ரயில், பின்னால் சுவராக நிற்கும் தௌலாதார் மலைத்தொடர். காங்ராவுக்குத் தேயிலை வந்தது 1849இல். 1905 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த பூகம்பத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்; வெள்ளைத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். தேயிலையின் பழைய செல்வாக்கு அதன்பின் திரும்பவில்லை.

அந்த ஊருக்கு மேலே, ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரத்தில் பில்லிங் என்ற புல்வெளி இருக்கிறது. 1980களில் அங்கே, இறக்கையில் தொங்கியபடி பறக்கும் ஹேங் கிளைடர்காரர்கள் வந்தார்கள். பிறகு துணி இறக்கையைத் தலைக்கு மேலே விரித்துப் பறக்கும் பாராகிளைடர்கள் வந்தன. மடித்து முதுகுப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம்; ஓடுபாதை வேண்டாம்; சரிவும் காற்றும் போதும். முதலில் வெளிநாட்டவர் பறக்க ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு ஊர்ப் பையன்கள் இறக்கை மடிக்கக் கற்றார்கள். அடுத்து, பறக்கக் கற்றார்கள். இன்று இருவர் பறக்கும் இறக்கையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிகளில் உள்ளூர் இளைஞர்கள் நிறையப் பேர். 2015இலும் 2024 நவம்பரிலும் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டிகள் அங்கே நடந்தன. பீரில் விடுதியும் தேநீர்க் கடையும் ஜீப் ஓட்டமும் இறக்கை பழுதுபார்ப்பும் அந்தக் காற்றால் பிழைக்கின்றன.

பீர் கொடுத்த விலையும் சிறிதல்ல. பறந்தவர்கள் மலையில் மோதியிருக்கிறார்கள், காணாமல் போயிருக்கிறார்கள். 2024 உலகக் கோப்பைக்குச் சில நாட்களுக்கு முன்கூட நடுவானில் இருவர் மோதி, வெளிநாட்டு வீரர் ஒருவர் இறந்தார். இமாசல அரசு 2004இல் வான்விளையாட்டு விதிகளை வகுத்தது. பயணிகளை ஏற்றும் விமானிக்குப் பதிவும் தகுதியும் வேண்டும் என்றது. மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டெம்பர் 15 வரை பறக்கத் தடை. விதி இருந்தும் விபத்து வருகிறது. விதியே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வானம்

தலவாக்கலையில் கிளைடர் கழகம் இல்லை. நாளைக்கே ஒன்று தொடங்கலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பெரிய இறக்கைக் கிளைடருக்கு ஒரு கிலோமீற்றர் சமதரை வேண்டும். நம்மிடம் இருப்பது சரிவு, தேயிலை, மின்கம்பி, பள்ளத்தில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம். மூடுபனி கேட்காமலே வரும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட யாத்திரிகர்களைச் சுமந்து கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின்எயார் விமானம் சப்தகன்னி மலையில் மோதியதை மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 191 பேரும் இறந்தார்கள். மலையகத்து வானில் அவசரத்துக்கு இடமில்லை.

பறப்பதற்கு முன்னால் கற்க வேண்டியது மலையளவு இருக்கிறது. அதற்கு ஓடுபாதை வேண்டாம். உலக விமான விளையாட்டுச் சம்மேளனம் மாதிரிக் கிளைடர்களுக்கும் உலகப் போட்டி நடத்துகிறது. எஃப்1ஏ என்ற பிரிவில் இலேசான கிளைடரை 50 மீற்றர் நூலில் பட்டம் போல இழுத்து ஏற்றி, மேலேறும் காற்றைக் கண்டுபிடித்து அவிழ்த்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே மதிப்பெண். பல்சா மரம், மெல்லிய தாள், பசை, நூல், ஒரு மைதானம் இருந்தால் போதும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பத்துப் பேர் சேர்ந்து ஏற்றும் விசித்திரப் பட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பிள்ளைகளுக்கு இந்தக் கலை அந்நியமில்லை என்று. வடக்கின் பட்டக் கலைஞரும் மலையகத்து மாணவரும் ஒரே மைதானத்தில் கூடினால் இரு தரப்புக்கும் லாபம்.

முன்மாதிரியும் இந்த நாட்டிலேயே உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டிய ரே விஜேவர்தன, சிறு விவசாயிகளுக்காக இருசக்கர உழவு இயந்திரம் வடிவமைத்த பொறியியலாளர். சொந்தக் கைகளால் இலகு விமானங்கள் கட்டிப் பறந்தவர். கடலில் காற்றைப் படித்தவர் வானிலும் அதைப் படித்தார், வயலிலும் கைவேலையை விடவில்லை. 2010இல் அவர் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை நம் பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு பாடசாலை. காற்றின் திசையையும் வேகத்தையும் நாள்தோறும் குறிக்கும் ஒரு பதிவேடு. சென்கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊரின் அறிவுச் சொத்து. அங்கே பயன்படும் வானிலை அறிவை மாணவர் கையிலும் கொடுக்க வேண்டும். அடுத்து, மாதிரிக் கிளைடர் பட்டறை. பௌதிகவியல் பாடத்தில் வரும் விசையும் அழுத்தமும் அங்கே கையில் தட்டுப்படும். பத்தனை கல்வியியல் கல்லூரியில் பயிலும் வருங்கால ஆசிரியர்கள் இதைக் கற்றுச் சென்றால் ஆண்டுதோறும் பல தோட்டப் பாடசாலைகளுக்கு இது போய்ச் சேரும். அப்படி மூன்று நான்கு ஆண்டு பழகிய பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்களைப் பதினாறு வயதுக்கு மேல் முறையான பயிற்சி மையத்துக்கு அனுப்பப் புலமைப்பரிசில் தேட வேண்டும். அதற்கும் பிறகுதான், சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதியோடும் தகுதியுள்ள பயிற்றுநரோடும், மலைச்சரிவிலிருந்து மனிதர் பறப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையைக் குலைத்து, சுற்றுலா வருமானத்தை முதலில் வைத்தால் ஆபத்தும் கடனும் நமக்கு, லாபம் வேறொருவருக்கு என்று ஆகிவிடும்.

இந்த ஊரின் மண்ணில் விளைந்த தேயிலையையும் பள்ளத்தில் ஓடிய ஆற்றையும் நாடு பயன்படுத்திக்கொண்டது. இரண்டிலும் மலையகத்தார் உழைத்தார்கள். தீர்மானித்தவர்கள் வேறு யாரோ. தன் வருகையை 1823இலிருந்து எண்ணி, இருநூறு ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்த சமூகம், அடுத்த காரியம் எதிலும் தொடக்கத்திலிருந்தே தீர்மானிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கிளைடர் கழகத்தில் அதற்கு வழி இருக்கிறது. வின்ச் இயக்குபவரும் விமானியும் அங்கே முறைமாற்றி அமர்கிறார்கள். வடம் இழுத்த பிள்ளை அடுத்த முறை இருக்கையில் ஏறுகிறது.

ஆகவே கழகத்தின் விதி இரண்டே வரியாக இருக்கட்டும்: பறக்க விரும்பும் ஒவ்வொருவரும் மற்றவரைப் பறக்கவிட உழைக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, கீழே பத்து மாணவர் பெயரைச் சேர்க்க ஓர் ஆசிரியர் முன்வந்தால் தலவாக்கலையில் கழகம் பிறந்துவிட்டது. மரமும் தாளும் நூலும் வாங்கும் செலவைத் தோட்டத்துச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் நகரத்து வர்த்தகர்களும் ஏற்றுக்கொள்ளட்டும். அது அவர்களால் முடியாத தொகை அல்ல.